எஸ்.யு.வி.யில் சத்தமா? பட்டறைக்குப் போகும் முன் நீங்களே கண்டுபிடிக்கலாம்

ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர், சஃபாரி, எண்டவர், எக்ஸ்.யு.வி. 700 என்று பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் கூடிப் பேசினால் பேச்சு சீக்கிரமே சத்தத்துக்கு வந்துவிடும். இரண்டு டன்னை ஒட்டிய எடை, உயரமான பாடி, கனமான டயர்கள், பல மாடல்களில் பின்சக்கரம் வரை நீளும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட், மூன்று வரிசை சீட். தேய்வதற்கும் தளர்வதற்கும் சின்னக் காரைவிட இங்கே இடம் அதிகம். “ஏதோ சத்தம் வருது, பாருங்க” என்று சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் பட்டறையில் ஊகத்தில்தான் வேலை நடக்கும். பாகங்கள் ஒவ்வொன்றாக மாறும், பில் ஏறும், சத்தம் மட்டும் போகாது. அந்தச் சத்தம் எதனோடு சேர்ந்து மாறுகிறது என்பதை ஓட்டுபவரே கவனித்துச் சொன்னால் தேடும் வேலை பாதியாகக் குறையும். அதற்கான குறிப்புகள் இவை.

1. முதலில் மூன்றில் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் வேகத்தோடு மாறும் சத்தம், சக்கர வேகத்தோடு மாறும் சத்தம், பள்ளம் மேட்டில் மட்டும் வரும் சத்தம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். சத்தம் கூடினால் அது எஞ்சின் பக்கம். நின்றிருக்கும்போது சத்தமே இல்லை, காலியான நேர்ச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது கேட்கிறது என்றால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கியர் வண்டியாக இருந்தால் கிளட்சையும் மிதித்துப் பாருங்கள். எஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் அதே சத்தம் தொடர்ந்தால் டயர், பேரிங், ஷாஃப்ட் என்று தேடலாம். சோதனை என்ற பெயரில் ஓடும் வண்டியில் சாவியை அணைக்கவே கூடாது. ஸ்டியரிங் இறுகும், பிரேக் கனத்துப்போகும்.

2. எல்லாச் சத்தமும் கோளாறு அல்ல. வண்டியை அணைத்ததும் சைலன்சரிலிருந்து வரும் ‘டிக், டிக்’ என்பது சூடான இரும்பு ஆறும் சத்தம். ஸ்டார்ட் செய்து நகர்ந்த சில விநாடிகளில் ஒருமுறை மட்டும் ‘டக்’ என்று கேட்டால், பல வண்டிகளில் அது ஏ.பி.எஸ். தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. ஏ.சி. ஓடும்போது விட்டுவிட்டு ‘க்ளிக்’ வந்தால் கம்ப்ரஸர் இணைந்து பிரிகிறது. இவற்றுக்காகப் பட்டறைக்குப் போக வேண்டாம்.

3. அடுத்து, வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, குடை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அதே சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள். மூன்றாவது வரிசை சீட்டை மடித்திருந்தால் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் உட்காராத சீட்டின் பெல்ட் நாக்கு பிளாஸ்டிக்கில் தட்டுவது அடிக்கடி நடப்பது. வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி தளர்ந்தாலும் பின்பக்கம் ‘தட தட’ என்று கேட்கும். சஸ்பென்ஷன் போய்விட்டது என்று நினைத்துப் பயப்படும் சத்தங்களில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடும்.

4. பள்ளத்தில் ‘டொக் டொக்’ என்று கேட்டால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. அகலமான வேகத்தடையில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி மெதுவாகப் போங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி போங்கள். ஒரு சக்கரம் இறங்கும்போது மட்டும் சத்தம் வந்தால் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராட் மீதும் அதன் புஷ் மீதும்தான். அந்தக் கம்பி முறுக்கப்படுவது இரு சக்கரங்களும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும்போதுதான். இரண்டும் சேர்ந்து ஏறும்போதும் சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுன்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர்ச் சாலைகளில் முதலில் தேய்வது பெரும்பாலும் லிங்க் ராடுதான். மற்றவற்றோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. அதைப் பார்க்காமல் ஷாக் அப்சார்பரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஷாக்கில் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தாலோ, வேகத்தடை தாண்டிய பிறகு வண்டி இரண்டு மூன்று முறை குதித்தாலோ மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பால் ஜாயின்ட் ஆடுகிறது என்று மெக்கானிக் சொன்னால் மட்டும் நாள் கடத்த வேண்டாம். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

5. வேகம் கூடக்கூட ‘ஊம்ம்ம்’ என்று ஏறும் சத்தத்துக்குக் காரணம் டயரா, வீல் பேரிங்கா? சாலை மாறும்போது கவனியுங்கள். சிமென்ட் சாலையிலிருந்து புதுத் தாருக்கு மாறியதும் சத்தம் குறைந்தால் டயர். எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி இருந்தால் பேரிங். அகலமான வளைவில் இன்னொன்றும் தெரியும். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச் சக்கரங்கள் மீது சாயும். அப்போது சத்தம் கூடினால் வலப் பக்க பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

டயர் என்று தோன்றினால் பட்டன்கள் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம் போலவும் தட்டுப்பட்டால் தேய்மானம் சீராக இல்லை. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியதும் சத்தமும் பின்னுக்குப் போனால் உறுதி. அலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் போட்டால் அதுவும் இதே போலத் தேயும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வாங்கும்போது அதையும் பாருங்கள்.

6. 80 கி.மீ. தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கி, 110இல் குறைகிறதா? வீல் பேலன்சிங் போயிருக்கும். வயல் பாதை, செம்மண் சாலையில் போய் வந்த மறுநாள் இது வந்தால் காசு செலவழிக்கும் முன் சக்கரத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். அலாய் வீலுக்குள் காய்ந்து ஒட்டிய சேறு போதும், பேலன்ஸ் கெட. வாட்டர் சர்வீஸ் செய்யும்போது உட்பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள்.

7. திடீரென்று சக்கரத்திலிருந்து இரும்பை இரும்பால் உரசுவது போலக் ‘கிரீச்’ என்று இடைவிடாமல் கேட்டால், பிரேக் டிஸ்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கலாம். பாதுகாப்பான இடத்தில் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் விடுங்கள். பெரும்பாலும் கல் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

8. பிரேக் விஷயத்தில் தள்ளிப்போடுவதே கூடாது. மழை இரவுக்குப் பிறகு காலையில் முதல் சில பிரேக்கில் மட்டும் உரசல் கேட்டால் அது டிஸ்கில் படிந்த மேல் துரு, தானே போய்விடும். ஒவ்வொரு பிரேக்குக்கும் மெல்லிய கீச்சொலி வந்தால், பேட் தேய்ந்து அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்கைத் தொடுகிறதா என்று பாருங்கள். ‘கர கர’ என்று அரைத்தால் பேட் முழுக்கப் போய் இரும்பு டிஸ்கைத் தின்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் முன் டிஸ்க் சீராக இல்லை. பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால் லைனில் காற்று புகுந்திருக்கலாம், கசிவு இருக்கலாம், பிரேக் ஆயில் கெட்டிருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் கி.மீ. கணக்கைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

9. மலையிலிருந்து இறங்கும்போது கருகிய வாடை வந்தால் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குகிறீர்கள் என்று அர்த்தம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நிறைய ஆட்களோடு இறங்கும் இரண்டு டன் வண்டியைப் பிரேக் பேட் மட்டும் தாங்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் மோடுக்கு மாற்றி 2ஆம் கியரில் வையுங்கள். வாடை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது கோணிப்போகும்.

10. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், டி.யிலிருந்து ஆர்.க்கு மாற்றும்போதும் அடியில் ‘டங்’ என்று ஒரு அடி விழுகிறதா? பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்திருக்கும் அல்லது அதன் சறுக்கு முனை கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கும். பல மாடல்களில் கிரீஸ் அடிக்க நிப்பிள் உண்டு. சர்வீஸில் அவசரமாக வேலை செய்பவர்கள் விட்டுவிடும் இடம் இது. ஜாப் கார்டில் ‘ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கிரீஸ்’ என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியும் வேலை, விட்டால் ஷாஃப்டையே மாற்றும்படி ஆகிவிடும்.

11. முன்சக்கரத்துக்கு இழுவை உள்ள வண்டியில், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி நகரும்போது ‘டக் டக் டக்’ என்று அடுக்காக வந்தால் ஆக்ஸிலின் வெளி ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். உறை கிழிந்ததும் மாற்றினால் செலவு உறையோடு போகும்.

12. தேவைப்படும்போது மட்டும் சேர்க்கும் ஃபோர் வீல் டிரைவ் உள்ள வண்டியைக் காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீலில் ஓட்டாதீர்கள். திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் போக வேண்டும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முழு இறுக்கமும் கியர்களில் ஏறும். வண்டி இழுத்துப் பிடித்து, டயர் துள்ளி, அடியில் முறுகும் சத்தம் வரும். மண், மணல், சேறு இருக்கும் இடத்தில், மாதம் ஒருமுறையாவது, சிறிது தூரம் ஃபோர் வீலில் ஓட்டுங்கள். உள்ளே ஆயில் பரவும், ஆக்சுவேட்டரும் இறுகாது.

13. கிளட்ச் மிதி ஒரு நல்ல சோதனைக் கருவி. வண்டி நின்று, நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘கட கட’ என்று கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங் அல்லது டூயல் மாஸ் ஃபிளைவீல். மிதித்தபோது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். ஃபிளைவீல் விலை கூடிய பாகம். கியர்பாக்ஸை இறக்கும்போது கிளட்ச் செட், பேரிங், ஃபிளைவீல் மூன்றையும் ஒன்றாகப் பார்த்து முடிவெடுத்தால் இரண்டாவது லேபர் சார்ஜ் மிச்சம்.

14. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்ச்’ என்று கத்தி, ஏ.சி. போட்டால் இன்னும் கூடினால் பெல்ட் அல்லது டென்ஷனர். எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பானெட்டுக்குள் குனிய நேர்ந்தால் தோளில் துண்டு, துப்பட்டா, சேலைத் தலைப்பு எதுவும் தொங்கக் கூடாது.

15. வழக்கமான மெல்லிய டர்போ விசில் வேறு. ‘உஸ்ஸ்’ என்று காற்று சீறி, இழுவை குறைந்து, கறுப்புப் புகையும் வந்தால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். ஹோஸ் மூட்டுகளில் எண்ணெய் கசிந்த தடம் தெரியும். டர்போவே போய்விட்டது என்று எஸ்டிமேட் வந்தாலும் ஹோஸை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தும்போது அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஐடிலில் ஓடவிட்டு அணைப்பது டர்போவுக்கு நல்லது.

16. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்பட்ட பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. நகரத்துக்குள் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் ஓடும் பெரிய டீசல் வண்டிகளுக்கு வரும் தலைவலி இதனால்தான். பிடித்த கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அப்போது ஐடில் வேகம் கொஞ்சம் ஏறும், மைலேஜ் இறங்கும், வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் சுற்றும், சூட்டு வாடை வரும். இவை கோளாறு அல்ல. ஆனால் நடுவில் அணைத்து அணைத்து வைத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

டி.பி.எஃப். விளக்கு எரிந்ததும் அன்றைக்கே நெடுஞ்சாலையில் 60 கி.மீ.க்குக் குறையாத சீரான வேகத்தில் 15, 20 நிமிடம் ஓட்டுங்கள். உங்கள் வண்டிக்குரிய முறை கையேட்டில் இருக்கும். எரிப்பு பாதியில் நின்ற வண்டிகளில் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் உயர்வதும் உண்டு. கேஜில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். காய்ந்த புல், வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். அடியில் தீப்பிடிக்கும் அளவு சூடு இருக்கும். அன்றாடம் குறுகிய தூரமே ஓடும் வீட்டுக்குப் பெட்ரோல் எஸ்.யு.வி.தான் சரி என்பது என் முடிவான கருத்து.

17. ஆட்ப்ளூ ஊற்றும் வண்டி என்றால், எச்சரிக்கை வந்ததும் ஊற்றிவிடுங்கள். மீதி தூரம் பூஜ்யம் ஆனபின் அணைத்தால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியா கலந்த சுத்த நீர்க் கரைசல். தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க முடியாது. டீசல் டேங்கில் தவறி ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் டோ செய்து கொண்டுபோங்கள்.

18. ‘டிக் டிக் டிக்’ என்று கேட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் புதுப் பேட்டரிக்கு ஓடும் முன் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கலந்து கழுவி, காய்ந்ததும் இறுக்கி வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நலம். ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன், ஹில் அசிஸ்ட் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும் பயமுறுத்தலுக்கும் பல நேரம் காரணம் பலவீனமான பேட்டரி அல்லது ஒரு சக்கரத்தின் சென்சார்.

19. முன்சீட்டின் காலடி மேட் நனைந்திருக்கிறதா? ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாமல் உள்ளே நனைந்தால் வடிகுழாய் அடைப்பு. நனைந்தது பிசுபிசுப்பாக இருந்தால் அது கூலன்ட், உடனே காட்டுங்கள். கூரையிலிருந்து சொட்டினால் சன்ரூஃபின் மூலைகளிலுள்ள வடிகால் துளைகளில் தூசி, இலை அடைத்திருக்கும். மழைக்காலத்துக்கு முன் சன்ரூஃபைத் திறந்து ஓரப் பள்ளத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே வழிகிறதா என்று பாருங்கள். கம்பியால் குத்தவோ கம்ப்ரஸர் காற்று அடிக்கவோ வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிடும்.

20. டாஷ்போர்டுக்குள் ஏ.சி. போட்டதும் ‘டக டக டக’ என்று சில விநாடி கேட்டு நின்றால் காற்று வழியை மாற்றும் சின்ன மோட்டாரின் பல் உடைந்திருக்கலாம். புளோயர் ஃபேன் ‘சர சர’ என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றுங்கள். இலையோ எலி சேர்த்த குப்பையோ இருக்கும்.

எலி என்றதும் இன்னொன்று. வண்டி நிற்கும் இடத்தில் அரிசி, நாய்த் தீனி, குப்பை வாளி வேண்டாம். வாரம் இரண்டு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள். கடித்த வயரை வெறும் டேப் சுற்றி விடாமல் சரியாக இணைக்கச் செய்யுங்கள்.

21. வேகத்தில் மேலே ‘ஊய்ய்’ என்று விசில் அடித்தால் கூரைக் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கதவு ஓரம் என்றால் ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். எளிதாக உருவி வரும் இடத்தில் ரப்பர் அமுங்கியிருக்கிறது.

22. வெப்பமானி முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுக்க வைத்து, ஓரம் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். வெள்ளத்தில் போகும்போது எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சினே போய்விடும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் சிக்கிய வண்டிக்காரர்கள் பலருக்கு இது நன்றாகத் தெரியும். தாழ்வான பகுதியில் வீடு இருந்தால் எஞ்சின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டையும் சேர்த்து எடுங்கள்.

23. எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் சின்ன புளூடூத் ரீடரை மாட்டி, கோளாறைக் குறிக்கும் கோடை நீங்களே போனில் படிக்கலாம். பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு, பி0401 என்றால் இ.ஜி.ஆர். ஓட்டம் குறைவு, பி2002 என்றால் டி.பி.எஃப். சரியாக வேலை செய்யவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோடு சொல்வது அறிகுறியைத்தான். பி0299 வந்ததற்காக டர்போவை மாற்றக் கூடாது, கிழிந்த ஹோஸும் அதே கோடைத்தான் தரும். அழித்துவிட்டுப் பட்டறைக்குப் போனால் மெக்கானிக்குக்குத் துப்பு கிடைக்காது.

24. அடியில் பார்க்க நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். சமதரை, ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல், ஃப்ரேமுக்கு அடியில் ஸ்டாண்ட், இவை இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

25. பட்டறைக்குப் போகும்போது இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணே, எஞ்சின் சூடான பிறகுதான் வருது. 20 கி.மீ. வேகத்துல, இடது முன்சக்கரம் பள்ளத்துல இறங்கும்போது மட்டும் ‘டொக்’ங்குது. நீங்க பக்கத்துல உக்காருங்க, அந்த ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம்.” சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டு போங்கள், ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பதிவு செய்யட்டும். எந்தப் பாகம், ஏன் என்று கேட்டு எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த மாடலுக்கு ரீகால் அறிவிப்பு இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்; ரீகாலில் வரும் வேலைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

பிரேக், ஸ்டியரிங், பால் ஜாயின்ட், வீல் பேரிங் இந்த நான்கில் சந்தேகம் வந்தால் மட்டும் வீட்டுச் சோதனையோடு நிற்காதீர்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெளியூர் கிளம்பும் முன் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.